தூரத்து வைத்தியமும் வைத்தியர் கடமையும்

எம்மூரில் இக்காலத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அச்செய்தி முதலில் அடுத்த வளவை அடைவதில்லை. இலண்டனையோ தொறொன்ரோவையோ மெல்பேணையோ சென்று அடைகின்றது. அங்கே மகன் இருப்பான். மகன் வைத்தியன் அல்லனாயின் மருமகன் வைத்தியனாயிருப்பான். அவனும் அல்லனாயின் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்த எவனோ ஒருவன் வைத்தியனாயிருப்பான். கைத்தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து நாக்கை நீட்டிக் காட்டும் மூதாட்டியரையும், சேட்டைத் தூக்கி முதுகிலுள்ள கொப்புளத்தைக் கமராவுக்குக் காட்டும் பெரியவர்களையும் யாம் நாள்தோறும் காண்கின்றோம். "தம்பி பார்த்துச் சொல்லட்டும்" என்பதே இன்று எம் குடும்பங்களில் நடைபெறும் முதல் வைத்தியம்.

இதனை எள்ளி நகையாட யாம் எழுதவில்லை. அரசாங்க வைத்திய சேவையில் 33 ஆண்டுகள் கழித்தவர் யாம். தொண்ணூறுகளிலே, யாழ்ப்பாணம் மின்சாரத்தையும் தொலைபேசியையும் மறந்திருந்த நாள்களிலே, இரவில் ஓர் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஒருவரும் இலர். மஞ்சட் கடதாசியாய்ப் போன பாடநூலும் குப்பி விளக்குமே எமக்குத் துணை. அக்காலத்தில் கொழும்பிலுள்ள ஒரு நிபுணரின் குரலை ஐந்து நிமிடம் கேட்கக் கூடியதாயிருந்திருப்பின் யாம் எதனைத்தான் கொடுத்திருக்க மாட்டோம்! ஆதலின் தூரத்திலிருந்து வரும் ஆலோசனையை இகழ்வது எம் வாயில் வராது. அது பெரும் பேறு. ஆயினும் பேறு பெரிதாக அதனோடு வரும் பொறுப்பும் பெரிதாகின்றது என்பதை எம்மவரிற் பலர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்க்கவேண்டிய காலமும் வந்துவிட்டது. விழா ஆண்டின் நினைவாகக் கல்லூரி வளவில் ஓர் அறையை ஒதுக்கி, கடல் கடந்து வாழும் பழைய மாணவ வைத்தியர்கள் இணையத்தின் வாயிலாக ஊரவருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் இலவசமாக ஆலோசனை வழங்கும் ஒரு நிலையத்தைத் திறக்க வேண்டுமென நம் சங்கத்தார் விரும்புகின்றனர். நோக்கம் மிக நல்லது. அதுபற்றி எம் கருத்தையும் கேட்டனர். சட்டத்தரணியாகிய எம் வகுப்புத் தோழர் ஒருவரோடு பல மாலைகள் இருந்து பேசியதன் பயனே இக்கட்டுரை. சட்டம் பற்றி இதிற் சொல்லப்படுவன பெரும்பாலும் அவர் விளக்கியவை. பிடிவாதம் தெரியும் இடங்கள் எம்முடையவை.

தூரத்து வைத்தியம் இணையத்தோடு பிறந்த குழந்தையன்று. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டிலே, ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு நூறு மைல் தூரமான நிலத்திலே, பாதிரியார் ஜோன் பிளின் என்பாரின் முயற்சியால் 1928 ஆம் ஆண்டு குயீன்சுலாந்து மாகாணத்துக் குளொன்கறி என்னும் ஊரிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கிற்று. விமானம் இருந்தென்ன? நோயாளி அழைக்க வழி வேண்டுமே. அதற்காக அல்பிரட் திரேகர் என்பவர் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்து மின்சாரம் பெறும் ஒரு வானொலிக் கருவியை ஆக்கினார். 1929 ஆம் ஆண்டு தொடக்கம் அது வீடுகளுக்குச் சென்றது. ஐரோப்பாவிலோ, வைத்தியர் இல்லாத கப்பல்களுக்கு வானொலி மூலம் ஆலோசனை கூறும் நிலையம் 1935 இல் உரோமாபுரியில் நிறுவப்பெற்றது.

அவுஸ்திரேலியர் செய்த ஏற்பாடுகளுள் எம்மை மிகக் கவர்ந்தது ஒரு மருந்துப் பெட்டி. தூரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் ஒரே விதமான பெட்டி கொடுக்கப்பட்டது. உள்ளிருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். 1942 ஆம் ஆண்டில் வந்த ஏற்பாடு அது. மருந்தின் பெயரைப் பண்ணைக்காரி உச்சரிக்க வேண்டியதில்லை, எழுத்துக் கூட்டவும் வேண்டியதில்லை. வைத்தியர் இலக்கத்தைச் சொல்வார், அவள் அந்தப் போத்தலை எடுப்பாள். உடம்பின் படத்துக்கும் இலக்கமிட்டு, வலி எந்த இலக்கத்தில் என்று கேட்கும் வழக்கமும் பின்னர் வந்தது. வானொலிக்கு அப்பால் இருக்கும் கையில் என்ன இருக்கின்றது என்பது வைத்தியருக்கு முன்கூட்டியே தெரியும். அதுவே அந்த ஏற்பாட்டின் உயிர். இன்று நம் கையிலுள்ள கருவியோ முகத்தைக் காட்டுகின்றது, குரலைத் தெளிவாகத் தருகின்றது, அறிக்கையை நொடியில் அனுப்புகின்றது. ஆயினும் எம்மூர்க் கிழவியின் தகரப் பேணிக்குள் எந்தெந்தக் குளிசைகள் எந்த ஆண்டிலிருந்து கிடக்கின்றன என்பதை இலண்டன் வைத்தியர் அறிவாரா? மிதிக்கும் வானொலிக்காரர் அறிந்திருந்தார்.

எம் அயலில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். மார்கழி மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்தது. உயர்தர வகுப்பிற் படிக்கும் ஒரு பையனுக்கு இரண்டு நாளாகக் கடுங் காய்ச்சல், உடம்பு உளைவு. அவன் தமையன் குளிர்நாடொன்றில் நல்ல பெயரெடுத்த வைத்தியன். தாய் காணொளியிற் காட்டினாள். அவன் தொண்டையைப் பார்த்தான், மூச்சை எண்ணினான், கழுத்தைக் குனியச் சொல்லிப் பார்த்தான். செய்யவேண்டியவற்றுள் பலவற்றை முறையாகவே செய்தான். பின்னர், பனடோல் போதாவிட்டால் இபுபுறூபன் வாங்கிக் கொடுங்கள் அம்மா என்றான். அவன் வாழும் நாட்டில் அது நாள்தோறும் சொல்லப்படும் வார்த்தை. மருந்து வாங்கப் புறப்பட்ட தாய் எம் படலையைத் தாண்டும்போது நின்று, "ஐயா, இந்த மழைக்குள்ளை எந்தப் பாமசி திறந்திருக்கும்?" என்று கேட்டாள். யாம் மருந்தின் பெயரைக் கேட்டோம். கேட்டதும் அவளை வீட்டுக்குத் திருப்பி, பையனைப் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். டெங்கு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஆறு நாள் இருந்தான். காய்ச்சல் தணிந்த நாளிலேதான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பொருள் கசிந்து அவன் நிலை மோசமாயிற்று. உரிய இடத்தில் இருந்தமையாற் பிழைத்தான். இபுபுறூபன் போன்ற மருந்துகள் அந்நோயிற் குருதிப் பெருக்கை உண்டாக்கக் கூடியவை என்பதையும், காய்ச்சல் விட்ட நாளே அஞ்சவேண்டிய நாள் என்பதையும் இந்நாட்டில் ஒரு மருத்துவத் தாதி மாணவியும் அறிவாள்.

தமையனுடைய அறிவிற் குறையில்லை. அவன் நின்ற நிலம் வேறு; அவ்வளவே. வாடைக் காற்றோடு எம் மாவட்டத்தில் நுளம்பு பெருகும் என்பதும், மார்கழி தை மாதங்களில் வரும் காய்ச்சலை டெங்கு அன்று என்று துணியும்வரை டெங்கு என்றே கருதவேண்டும் என்பதும் அவன் படித்த நூல்களில் ஒரு பக்கத்தில் இருக்கலாம். அவன் வாழும் தெருவில் இல்லை. திறமை என்பதை வைத்திய ஒழுக்க நூலார் விதிக்கும்போது நோயை அறிதலை மாத்திரம் குறிக்கவில்லை. நோயாளி இருக்கும் ஊரில் என்ன நோய் உலாவுகின்றது, என்ன மருந்து எந்தப் பெயரில் விற்கப்படுகின்றது, இரவிலே மூச்சுத் திணறினால் எந்தக் கதவைத் தட்டலாம் என்பனவும் திறமையின் பகுதிகளே. இவற்றை அறியாதவர் அறிந்த ஒருவரைக் கேட்டுச் சொல்லலாம். கேளாமற் சொல்ல அவருக்கு உரிமையில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வைத்தியர் ஓரிடத்திலும் நோயாளி வேறோரிடத்திலும் இருப்பின் வைத்தியம் எங்கே நடைபெறுகின்றது? வேடிக்கையான கேள்விபோல் தோன்றும். இதற்கு விடை தேடி ஒரு மனிதர் சிறைவரை சென்றிருக்கின்றார். 2005 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த 19 வயது மாணவன் ஒருவன் இணையத்தில் ஒரு வினாக்கொத்தை நிரப்பி, மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுவொக்செற்றீன் என்னும் மருந்தைக் கேட்டான். கொலராடோ மாநிலத்தில் இருந்த வைத்தியர் அவனைக் காணவில்லை, அவனோடு பேசவில்லை. அவருடைய அனுமதிப்பத்திரமோ அம்மாநிலத்திலேயே கட்டுப்பாடு விதிக்கப்பட்ட ஒன்று. அவர் எழுதிய சீட்டுக்கு மிசிசிப்பி மாநிலத்து மருந்துக் கடையொன்று 90 குளிசைகளை அஞ்சலில் அனுப்பிற்று. ஆகஸ்ட் மாதத்தில் அம்மாணவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். இளையோரிடத்து அவ்வகை மருந்துகளை மிக்க கண்காணிப்போடு கொடுக்கவேண்டுமென அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

கலிபோர்னியாவின் அனுமதியின்றி அங்கே வைத்தியம் செய்தார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்த மாநிலத்தில் யான் காலடி வைக்கவேயில்லையே என்றார் அவர். காலடி வையாவிட்டாலும் கருமம் அங்கேதான் நிறைவேறிற்று. ஆதலின் விசாரிக்க எமக்கு அதிகாரம் உண்டு என்று கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 2007 இல் தீர்த்தது. 2009 இல் அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாது விட்டார்; ஒன்பது மாதச் சிறை கிடைத்தது. நம் சட்டத்தரணி நண்பர் இவ்வழக்கை விரித்துச் சொல்லியபொழுது யாம் அந்த வினாக்கொத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தோம். மனம் சோர்ந்த ஓர் இளைஞன் கேள்விகளுக்கு எழுதும் விடை ஒன்று. அவன் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா, நித்திரை வருகிறதா, வீட்டார் எங்கே என்று கேட்டாற் பெறும் விடை மற்றொன்று.

நோயாளி இருக்கும் இடமே வைத்தியம் நடைபெறும் இடம் என்பதே இன்று பல நாடுகளிலும் வேரூன்றிய கொள்கை. நம் நாட்டிலோ 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றவரே வைத்தியத் தொழில் புரியலாம். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இங்கே வந்து தொழில் செய்வதாயின் தற்காலிகப் பதிவேனும் பெறவேண்டும். இணையம் இல்லாத காலத்துச் சட்டம் அது. ஆயினும் கமராவின் முன் இருந்து கொடுக்கும் வைத்தியத்துக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. நம் பழைய மாணவருட் சிலர் இங்கே பெற்ற பதிவைக் கைவிடாது பேணுகின்றனர். அவர் நிலை வேறு. பதிவில்லாதவர் இலண்டனிலிருந்து படமெடுத்து அனுப்பும் மருந்துச்சீட்டை நம்மூர் மருந்தாளர் ஏற்க மறுத்தால், "என்ரை மகன் பெரிய டொக்டர்" என்று அவரோடு சண்டைக்குப் போவது முறையன்று. அவர் தம் கடமையைச் செய்கின்றார்.

அப்பெரிய டொக்டரின் நாட்டு விதி யாது? பிரித்தானியப் பொது மருத்துவச் சபை தன்னிடம் பதிந்தோர்க்கு விதிப்பவற்றுள் இரண்டு இங்கே பொருந்தும். தமக்கும் தம்மோடு நெருங்கிய உறவுடையோர்க்கும் மருந்து எழுதுவதை இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்பது ஒன்று. வெளிநாட்டிலுள்ள நோயாளிக்கு எழுதுவதாயின், அங்கே அவரை யார் தொடர்ந்து பார்ப்பர், அங்கே அம்மருந்தின் பெயரும் அளவும் வேறுபடுமா, மருந்து வழங்கப்படும் நாட்டிற் பதிவு வேண்டுமா, தமது தொழிற் காப்புறுதி அதற்கு இடங்கொடுக்குமா என்பவற்றை எண்ணவேண்டும் என்பது மற்றொன்று. காப்புறுதி பற்றி யாம் பல மருமக்களிடம் கேட்டோம். ஒருவராவது தமது பத்திரத்தை எடுத்து வாசித்திருக்கவில்லை! முகத்துச் சுருக்கத்தை நீக்கும் ஊசிமருந்தைக்கூட நோயாளியை நேரிற் காணாது எழுதலாகாது என்று அச்சபை 2012 இலேயே தடுத்தது. நிலைமை இவ்வாறிருக்க, அன்னையின் இருதய மருந்தைக் கூட்டிக் குறைப்பதற்கு மாத்திரம் வாட்ஸப்பில் ஒரு வரி போதுமென எண்ணுகின்றோம்.

அயல்நாடாகிய இந்தியாவில் நடந்தவையும் அறியத்தக்கன. பிரசவத்தின்பின் மீண்டும் நோயுற்று வந்த ஒரு பெண்ணுக்கு, வைத்தியசாலையில் இல்லாத வைத்தியர் தொலைபேசியில் மருந்து சொல்ல, அவள் இறந்துபோன வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு முன்பிணை வழங்க மறுத்தது. அதன்பின் தொலைபேசியை எடுக்கவே அஞ்சிய வைத்தியர் பலர். 2020 மார்ச்சு மாதம் 25 ஆம் நாள், பெருந்தொற்றால் நாடே கதவடைத்தபொழுது, தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. வைத்தியர் தம் பெயரையும் பதிவிலக்கத்தையும் தெரிவிக்கவேண்டும், நோயாளி யார், வயதென்ன என்று உறுதிசெய்யவேண்டும், சில மருந்துகளைக் காணொளியிற் கண்டபின்னரே முதன்முறை எழுதலாம், போதைப்பொருள் சார்ந்தவற்றை எவ்வாற்றானும் எழுதலாகாது, குறிப்புகளைப் பேணவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தல் இந்நோயாளிக்குப் போதுமா, நேரில் வரச்சொல்ல வேண்டுமா என்ற தீர்ப்பை அந்நெறிகள் வைத்தியரிடமே விட்டுள்ளன. அதிகாரம்போல் தோன்றும் இது உண்மையில் மிகப் பாரமான பொறுப்பு. அந்நெறிகள் இந்திய எல்லைக்குள் மாத்திரம் செல்லுபடியாகுமென்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்; சென்னை நிபுணரை யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்போர் பலர் இதனை அறியார்.

"யாம் காசு வாங்கவில்லையே, உதவிக்குத்தானே சொன்னோம்" என்பார் உளர். கூலி பெறாமை கடமையை ஒழிப்பதில்லை என்றார் நம் நண்பர். வைத்தியன் என்ற நிலையில் ஒருவர் சொல்ல, அதை நம்பி மற்றவர் நடப்பாராயின், அங்கே கவனமாயிருக்கும் கடமை பிறக்கின்றது. நம் நாட்டில் இவ்விடயம் உரோம டச்சுச் சட்டத்தின் வழிப்பட்டது. நட்டஈடு கேட்பவர் கவனக்குறைவை மாத்திரமன்றி, அக்கவனக்குறைவாலேயே கேடு விளைந்தது என்பதையும் நிறுவவேண்டும். மூளைக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த பேர்பெற்ற வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது. 2001 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், கவனக்குறைவுக்கும் மரணத்துக்கும் இடையே காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அத்தீர்ப்பை மாற்றியது. எனவே பயமில்லை என்று எவரேனும் மகிழ்வாராயின் அவருக்கு ஒன்று சொல்வோம்: சட்டம் கைவிட்ட இடத்திலும் அந்தத் தந்தை தந்தையாகவே நிற்பார்.

சம்மதம் என்னும் பொருளைப் பற்றிச் சட்டநூல்கள் பல பக்கம் எழுதுகின்றன. எமக்கு அது எம்மூர்க் கிழவிகளின் "ஓம்" என்ற சொல்லிலே அடங்கிக் கிடக்கின்றது. வேற்றுநாட்டிற் பிறந்து வளர்ந்த பேரன் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக விளக்குகின்றான்; பாட்டி ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம், ஓம் என்கின்றாள். விளங்கிற்று என்பதன்று அதன் பொருள். "நீ பேசு ராசா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதே. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் மருந்துகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடி நூல்கள் ஆக்குவித்தார். இந்நாட்டு மக்கள் தமக்கு நேர்வதைத் தம் மொழியில் அறிதல் வேண்டுமென அந்நியர் ஒருவர் உழைத்த மண்ணில், இந்த மண்ணின் பேரப்பிள்ளைகளின் வாயிலிருந்து விளங்காத சொற்கள் வருவது எமக்கு வருத்தமே. சொன்னதைப் பாட்டியின் வாயால் திரும்பச் சொல்லக் கேட்டபின்னரே பேச்சை முடிக்கவேண்டும். இரண்டு நிமிடம் கூடுதலாகச் செல்லும், அவ்வளவுதான்.

இரகசியம் பேணுதலோ எம்மவருக்கு மிகக் கடினமானது. அம்மாவின் நோயைச் சொல்லும் காணொளி அழைப்பில் சித்தி இருப்பாள், அடுத்த வீட்டுக்காரர் இருப்பார், வாசலில் மீன் விற்க வந்தவரும் நின்று கேட்பார். இளம் பெண்ணொருத்தி தன் உடம்பைப் பற்றி அங்கே என்ன சொல்வாள்? பேசத் தொடங்குமுன் அறையில் யார் யார் உள்ளனர் என்று கேட்பது வைத்தியரின் கடன். நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவிலே, ஒருவர் தம் தந்தையாரின் இருதய மின்வரைவைப் பெயரும் பிறந்த திகதியும் தெரியப் பதித்ததையும், நான்கு நாடுகளிலிருந்து நான்கு வைத்தியர் நான்கு விதமாகக் கருத்துரைத்ததையும், இருநூறு பேர் அதனைப் பார்த்திருந்ததையும் யாம் கண்டோம். நான்காவது கருத்து வந்தபொழுது அப்பெரியவர் வைத்தியசாலை விடுதியில் நித்திரையாயிருந்தார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்புக் காப்புக்குரிய வகையிற் சேர்த்துள்ளது. சட்டம் வருவதற்கு முன்னரும் நோயாளியின் செய்தி வைத்தியரின் சொத்தாய் இருந்ததில்லை.

கமரா காட்டாதவையும் உள. ஒரு மாணவன் கையிலே வெளிறிய திட்டு. படம் பல இடங்களுக்கும் போயிற்று, தேமல் என்றனர். மெல்பேணிலுள்ள நம் பழைய மாணவர் ஒருவர் மாத்திரம், "இதனைப் பார்த்துச் சொல்ல முடியாது, தொட்டுப் பார்த்துத்தான் சொல்லலாம்" என்று எழுதி, அவனைத் தோல்நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே பஞ்சுத் துணுக்கால் தொட்டபொழுது அத்திட்டில் உணர்ச்சியில்லை. தொழுநோயின் தொடக்கம். உரிய காலத்தில் மருந்து உட்கொண்டு முற்றாகக் குணமடைந்தான். கையில் ஒரு குறையும் இல்லை. மெல்பேண் வைத்தியர் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, மருந்தும் எழுதவில்லை. அவர் செய்ததைக் காட்டிலும் சிறந்த தூரத்து வைத்தியத்தை யாம் இதுவரை கண்டதில்லை.

கேட்டதற்கெல்லாம் மறுமொழி சொல்லும் உரையாடல் யந்திரங்கள் இப்பொழுது மாணவர் கையில் உள்ளன. நோய்க்குறியைச் சொன்னாற் பெயர் சொல்கின்றன. முன்னே கூறிய இந்திய நெறிகள் யந்திரம் வைத்தியருக்குத் துணைசெய்யலாம், தானாக நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ ஆகாது என்கின்றன. யந்திரத்துக்குப் பதிவிலக்கம் இல்லை. அதனை எந்தச் சபையும் அழைத்து விசாரியாது. அதன் சொல்லை ஏற்றுக் கையொப்பமிடும் வைத்தியரே விசாரிக்கப்படுவார்.

நிலையத்தைத் திறக்கவேண்டாமென்று யாம் சொல்லவில்லை. திறக்கும் முறையை மாற்றவேண்டும் என்கின்றோம். வெளிநாட்டு வைத்தியர் நோயாளியோடு நேரே பேசி மருந்து சொல்லும் ஏற்பாடு ஆகாது. இங்கே பதிவு பெற்ற வைத்தியர் ஒருவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, தமக்கு ஐயமுள்ளதைக் கடலுக்கு அப்பால் உள்ளவரிடம் கேட்கட்டும். மருந்துச்சீட்டில் இவர் கையொப்பம். அறிவிலே இருவர் பங்கு. இம்முறையில் தமையனும் மருமகனும் தம் நாட்டு விதிக்கும் நம் நாட்டு விதிக்கும் இடையில் அகப்படார். மார்கழிக் காய்ச்சலை அறிந்த ஒருவர் எப்பொழுதும் அறையில் இருப்பார். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் காப்புறுதியாளரிடமிருந்து எழுத்தில் மறுமொழி பெற்றுச் சங்கத்துக்கு அனுப்பிய பின்னரே பெயர்ப்பட்டியலிற் சேர்க்கவேண்டும். தொறொன்ரோ வைத்தியருக்கு நள்ளிரவாகும் வேளையை நமக்கு வசதியான நேரமென்று குறிக்கவும் வேண்டாம். நித்திரை தூங்கியவரின் கருத்து இலவசமாயினும் வேண்டாதது.

அறையிலே தடித்த கொப்பியொன்று இருக்கட்டும். திகதி, நேரம், நோயாளியின் பெயர், யார் கேட்டார், யார் என்ன சொன்னார், எதற்காக வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார் என்பன அன்றன்றே எழுதப்படவேண்டும், பூட்டி வைக்கப்படவேண்டும். 2018 தொடக்கம் வட மாகாணத்திலும் ஓடும் அவசர அம்புலன்சின் 1990 என்ற இலக்கத்தைச் சுவரிற் பெரிதாக எழுதுங்கள். தூரத்திலுள்ளவர் பேசிக்கொண்டிருக்க, அதனை அழைக்கவேண்டியவர் நோயாளியின் பக்கத்தில் நிற்பவரே. ஓய்வு பெற்ற தாதிமார் இருவர் வாரத்தில் மூன்று நாள் வர இசைந்துள்ளனர். குருதியமுக்கமானி ஒன்றும் குருதியிற் சீனி பார்க்கும் கருவி ஒன்றும் யாம் தருவோம்.

சங்கத்தார் காட்டிய அறையைச் சென்ற கிழமை போய்ப் பார்த்தோம். காற்றோட்டம் நன்று, வெளிச்சமும் போதும். ஆனால் யன்னல் பிரதான வீதியைப் பார்த்திருக்கின்றது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. விழாவுக்கு இன்னும் ஆறு கிழமை உண்டு. யன்னலுக்குத் திரைச்சீலையும் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடுவிக்கும்படி பொருளாளரிடம் சொல்லி வந்திருக்கின்றோம்.